பதினைந்து பள்ளி நாட்கள்

மார்ச் 5, செவ்வாய்

மருத்துவமனையின் மூன்றாம் எண் லிஃப்ட் மறுபடி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. காலை முழுவதும் அதன் தலைமேல் உட்கார்ந்துதான் பழுது பார்த்தேன். மதியம் பள்ளியிலிருந்து கடிதம். ஆட்சிக்குழுவில் பெற்றோர் சார்பாக ஓர் இடம் காலி, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி முடிந்துவிட்டது, வந்தது ஒரே விண்ணப்பம், அது என்னுடையது, ஆகவே நான் போட்டியின்றித் தேர்வு. இருநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அத்தனை அப்பா அம்மாவில் ஒரே ஒருவன். இதை வெற்றி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மனைவி லியான் சிரித்தாள். "உன் வாய வச்சுக்கிட்டு கமிட்டியா? ஒரு மாசம் தாங்குவியா?"

ஏன் விண்ணப்பித்தேன்? மகள் மேசி செப்டம்பரில் அங்கே சேர்ந்தாள். ஐந்து வயது. கிறிஸ்துமஸ் வரை தினமும் பள்ளி வாசலில் அழுகை, வாந்தி, என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். ஜனவரியில் திருமதி ஆல்ட்கிராஃப்ட் அவள் வகுப்புக்கு உதவி ஆசிரியையாக வந்தார். மூன்றாம் நாள் அழுகை நின்றது. நல்ல பள்ளி, பதிலுக்கு நாமும் ஏதாவது செய்வோம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 20, புதன்

முதல் கூட்டம். மாலை ஆறு மணி, பள்ளி நூலகம். ஏழு வயதுப் பிள்ளைகளின் நாற்காலிகளில் ஒன்பது பெரியவர்கள், முழங்கால் முகவாயில் இடிக்க.

தலைவர் ஹிலரி பாம்ஃபிரட். பதினோரு வருடமாக அவர்தான். நிரலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் வாசிப்பார், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார், பதிலுக்கு நிற்காமல் அடுத்ததற்குப் போவார். நாற்பத்திரண்டு பக்கம் அனுப்பியிருந்தார்கள், நான் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனேன். மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் "நல்ல கேள்வி, கண்ணு" என்றார். பதில் ஒன்றுக்கும் வரவில்லை. தலைமை ஆசிரியர் ஏட்ரியன் ஸ்டெட்மன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். என் பக்கத்தில் கிளைவ், குழாய்ச் சாமான் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட ஒரே கேள்வி, போன முறை வந்த சாக்லேட் பிஸ்கட் ஏன் இந்த முறை இல்லை என்பது.

ஆரம்பத்தில் ஒரு சடங்கு உண்டு. இன்று பேசப்போகும் எதிலாவது உங்களுக்குச் சொந்த நலன் இருக்கிறதா என்று கேட்பார்கள். சர்ச்சில் ஆமென் சொல்வது மாதிரி எல்லோரும் "இல்ல" என்று முனகினார்கள். நானும் முனகினேன்.

ஏப்ரல் 18, வியாழன்

புதிய உறுப்பினர்களுக்கு நகரக் கவுன்சிலில் ஒரு நாள் பயிற்சி. ஆட்சிக்குழு என்பது பள்ளிக்கு ‘குறை சொல்லும் நண்பன்’ ஆக இருக்க வேண்டுமாம். எங்கள் குழுவில் நண்பர்கள் இருக்கிறார்கள். அதோடு சரி.

மே 21, செவ்வாய்

பள்ளி வாசலிலிருந்து லியான் கொண்டுவந்த செய்தி: ஆறாம் ஆண்டு மாணவி கேஸி பிரிண்டிலைப் பள்ளியை விட்டு நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள். பத்து வயது. இரண்டு தெரு தள்ளி வீடு. அம்மா டோனியா ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறாள், தனியாகத்தான் வளர்க்கிறாள். மதிய இடைவேளையில் கேஸி நாற்காலியைத் தூக்கி எறிந்தாளாம், மேற்பார்வை பார்த்த அம்மாளின் மணிக்கட்டு வீங்கிவிட்டதாம்.

தொடக்கப் பள்ளி முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. இப்போது துரத்தினால் பதினோரு மைல் தள்ளி, எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கான இடத்துக்கு டாக்ஸியில் போக வேண்டும். செப்டம்பரில் பெரிய பள்ளிக்கு அவள் போவதற்கு முன்னால் அவள் கோப்பு போய்ச் சேர்ந்துவிடும்.

நாளைக்குக் கூட்டம் இருக்கிறது. பார்ப்போம்.

மே 22, புதன்

வந்தவுடன் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் லியானிடம் கத்துவேன்.

ஒன்பதாவது பொருள், தலைமை ஆசிரியர் அறிக்கை. அவர் எங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது ஓர் எண் மட்டும்: நிரந்தர நீக்கம், ஒன்று. அதுதான் விதியாம். எனக்கு இன்றுதான் தெரியும், அவருக்குப் பல வருடமாகத் தெரியும். ஆனால் மனிதர் பெயரைச் சொல்லி, நாற்காலியைச் சொல்லி, வீக்கத்தைச் சொல்லி, டோனியா தொலைபேசியில் திட்டியதையும் சொல்லி முடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். "விட்டுது சனி" என்றார் கிளைவ். பாதிப் பேர் சிரித்தார்கள். "பாவம் ஏட்ரியன், இந்த வாரம் உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்" என்றார் ஹிலரி. எல்லாத் தலையும் ஆடியது.

போகிற போக்கில் ஏட்ரியன் சொன்ன ஒரு வாக்கியத்தில் நான் மாட்டிக்கொண்டேன். கேஸிக்கு வகுப்பிலும் இடைவேளையிலும் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று எழுத்தில் ஏற்பாடு இருந்ததாம். அப்படியானால் அந்த ஆள் அன்று எங்கே என்று கேட்டேன். அந்த ஏற்பாடு ஜனவரியில் மாறிவிட்டது என்றார். யார் அந்த ஆள் என்றேன்.

காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"திருமதி ஆல்ட்கிராஃப்ட்."

அப்புறம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்த ஆள எடுத்து எம்பொண்ணு பக்கத்துல உட்கார வச்சுட்டு, இப்ப அவளயே வெளிய தள்ளுறீங்களா? இதுக்கு நான் கை தூக்க மாட்டேன். எந்தக் குழுவுல போட்டாலும் மாட்டேன்."

கிளார்க் மோய்ரா பேனாவைக் கீழே வைத்தார். கவுன்சிலிலிருந்து குறிப்பெடுக்க வருகிற ஸ்காட்லாந்துக்காரி. அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை. பதினைந்து பள்ளி நாட்களுக்குள் உறுப்பினர்கள் மூன்று பேர் குழுவாக உட்கார்ந்து, அம்மாவையும் தலைமை ஆசிரியரையும் விசாரித்து, நீக்கம் நிற்குமா, பிள்ளை திரும்ப வருமா என்று முடிவு சொல்ல வேண்டும் என்றார். அந்த மூவரும் முன்முடிவு இல்லாமல் வர வேண்டும்.

"நீங்க இப்பவே தீர்ப்பு சொல்லிட்டீங்க, ரீஸ். நீங்க அதுல உட்கார முடியாது."

கேஸிக்காக ஒருத்தன் இருந்தான். அவனும் வாயைத் திறந்து தன்னையே வெளியே தள்ளிக்கொண்டான். முட்டாள். முட்டாள்.

மே 23, வியாழன்

லியானிடம் திருமதி ஆல்ட்கிராஃப்ட் விஷயத்தை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டுப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஜனவரியில ஹெட்மாஸ்டர்கிட்ட போய் நின்னது நான்தான. ஒரு ஆள் போடுங்கன்னு கேட்டோம், போட்டாங்க. யார்கிட்டேர்ந்து எடுத்துப் போட்டாங்கன்னு நாம கேக்கல."

அதற்காகப் பள்ளிக்கு அனுப்பிய நன்றி அட்டையில் கையெழுத்துப் போட்டது நான்.

மே 28, செவ்வாய்

பள்ளி விடுமுறை வாரம். மோய்ரா எழுதிய கூட்டக் குறிப்பு வந்தது. எங்கள் வழக்கம் இது: கிளார்க் எழுதுவார், முதலில் தலைவர் பார்ப்பார், பிறகுதான் எங்களுக்கு வரும். ஒன்பதாவது பொருளின் கீழே ஒரே வரி.

‘தலைமை ஆசிரியரின் அறிக்கையை உறுப்பினர்கள் கவனத்தில் கொண்டனர்.’

அவ்வளவே. நான்கு நிமிடக் கதை இல்லை. கிளைவின் சனி இல்லை. நான் கத்தியதும் இல்லை. அதே மின்னஞ்சலில் விசாரணைக் குழுவின் பெயர்கள்: ஹிலரி, கிளைவ், அன்றைக்குத் தலையாட்டியவர்களில் இன்னொருவர். நான் வாய் திறந்து சொன்னேன், ஆகவே தகுதியில்லை. அவர்கள் வாய் மூடித் தலையாட்டினார்கள், ஆகவே தகுதி உண்டு. குறிப்பிலிருந்து அதையும் எடுத்துவிட்டால் யாருக்கு என்ன தெரியும்?

என் தொழிலில் இப்படி ஒரு வரி எழுதினால் ஆள் செத்துவிடுவான். பிரேக் வழுக்கினால் அன்றே அட்டையில் ‘பிரேக் வழுக்கியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘லிஃப்ட் கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதிப் பாருங்களேன்.

மே 29, புதன்

மோய்ராவைத் தொலைபேசியில் பிடித்தேன். பிடித்தவுடன் கத்தினேன். முடிகிற வரை காத்திருந்தார். தான் எழுதியது வேறு, தலைவர் திருத்தினார், திருத்த வழக்கம் உண்டு என்றார். குறிப்பு தவறு என்று நான் ஜூலைக் கூட்டத்தில் சொல்லலாம். விசாரணை அதற்குள் முடிந்திருக்கும். இந்த மூவர் உட்காரக் கூடாது என்று தலைவரிடம் ஆலோசனை சொல்லியாகிவிட்டது, கேட்க வேண்டும் என்று அவருக்குக் கட்டாயம் இல்லை.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா என்றேன். அவர் தன் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது.

"ஒரு உறுப்பினர் தான் ஏன் தகுதியில்லன்னு எனக்குக் கடிதம் எழுதினா, அத நான் விசாரணைத் தாள்களோட வைக்கணும். அந்தத் தாள்கள் அம்மாவுக்கும் போகும். மத்தவங்களப் பத்திப் புகார் எழுதாதீங்க, அத நான் வைக்க முடியாது. உங்க தப்ப எழுதுங்க. எங்க பண்ணீங்க, யார் முன்னாடி, என்னத்தக் கேட்டுட்டுப் பண்ணீங்க, முழுசா எழுதுங்க."

புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. இந்த அம்மாளை இத்தனை நாள் வெறும் பேனா என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

நான்கு முறை எழுதினேன். முதல் பிரதி முழுக்க வசவு. லியான் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "இது சண்டை. அவங்க கேட்டது மன்னிப்பு."

கடைசியில் ஒரே பக்கம். மே 22 கூட்டத்தில் சொந்த நலன் ஏதும் இல்லை என்று சொன்னேன், அது தவறு, ஏனென்றால் ஜனவரியில் கேஸியிடமிருந்து எடுக்கப்பட்ட உதவி என் மகளின் வகுப்புக்கு வந்தது, கேட்டது நாங்கள். தலைமை ஆசிரியர் பெயர் சொல்லி நான்கு நிமிடம் சம்பவத்தை விவரித்தார், நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஒருவர் ‘விட்டுது சனி’ என்றார், சிலர் சிரித்தார்கள். நான் இன்னின்னது சொன்னேன். ஆகவே அந்த அறையில் இருந்த நான் இந்த விசாரணைக்குத் தகுதியற்றவன்.

அந்த அறையில் இருந்த நான். இந்த நான்கு சொல்லுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த மூவரும் அதே அறையில்தான் இருந்தார்கள்.

அனுப்புவதற்கு முன் லியான் கேட்டாள்: அந்தப் பெண் திரும்பி வந்தால் திருமதி ஆல்ட்கிராஃப்ட் எங்கே போவார்? இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

"மேசிகிட்ட நீதான் சொல்லணும்" என்றாள்.

அனுப்பிவிட்டேன்.

ஜூன் 5, புதன்

மருத்துவமனை லிஃப்ட் இயந்திர அறையில் இருக்கும்போது ஹிலரி அழைத்தார். குரல் தேன் மாதிரி. "பதினோரு வருஷமா ஒரு பைசா வாங்காம இந்தப் பள்ளிக்கு உழைக்கிறேன், கண்ணு. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட ஒரு கூட்டம் தவறினதில்ல. நீ வந்து மூணு மாசம். ஏட்ரியன் மாதிரி ஒரு ஹெட்மாஸ்டர் இந்த ஊருக்கு மறுபடி கிடைப்பாரா?"

கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். கூட்டத்தின் மானத்தை வாங்கியதற்காக என்னை ஆறு மாதம் நிறுத்தி வைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்றார். வையுங்கள் என்றேன்.

அவர் உழைப்பதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. இத்தனை உழைத்துவிட்டு, ஒரு பிள்ளைக்காக ஒரு கேள்வி கேட்க மட்டும் ஏன் இவருக்கு வாய் வரவில்லை?

அவர் தொடர்பைத் துண்டித்த பிறகுதான் திட்டினேன். முன்னேற்றம்.

ஜூன் 10, திங்கள்

மோய்ராவிடமிருந்து இரண்டு வரி. எங்கள் மூவர் குழு கலைக்கப்பட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் உறுப்பினர்கள் மூன்று பேர் ஜூன் 17 அன்று விசாரிப்பார்கள். பதினைந்தாம் நாள் 18.

ஜூன் 13, வியாழன்

சிப்ஸ் கடை வரிசையில் டோனியா. வேலை உடுப்போடு, தலையில் வலையோடு. தாள்கள் அவளுக்குப் போய்விட்டன. என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்தாள்.

"ஜனவரியிலேர்ந்து எம்பொண்ணு பக்கத்துல ஆள் இல்லன்னு எனக்கு யாரும் சொல்லல. நாலு மாசம். ஏன்டி தெனம் அடிச்சுக்கிட்டு வர்ற, ஒரு ஆள் கூடவே இருக்காங்கல்லன்னு அவளத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன் நான். உங்க கடுதாசியப் படிச்சு நான் தெரிஞ்சுக்கணுமா?"

வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் தள்ளிப்போடுவார்கள். நின்றேன்.

"பேசுங்களேன். மீட்டிங்ல பேசினீங்கல்ல."

பேசவில்லை. கடையே பார்த்துக்கொண்டிருந்தது. என் முறை வந்தது, வாங்காமல் வந்துவிட்டேன்.

நாலு மாசம். அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவே இல்லை.

ஜூன் 17, திங்கள்

பத்து மணிக்கு விசாரணை. நான் பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை தப்பாகப் பொருத்தினேன். செய்தி இல்லை.

ஜூன் 19, புதன்

எங்களுக்கு வந்தது ஓர் எண்: நிரந்தர நீக்கம், ரத்து, ஒன்று.

மீதியை டோனியாவே பள்ளி வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னாளாம், லியான் கேட்டாள். மூன்று மணி நேரம் பத்து நிமிடம் உட்கார்ந்தார்களாம் அந்த மூவர். இடைவேளையில் அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தலைமை ஆசிரியரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ‘ஏற்பாடு மாறியது’ என்றதும் யார் மாற்றினார்கள், அம்மாவிடம் யார் சொன்னார்கள் என்று கேட்டார்களாம். பதில் வரும்வரை அடுத்த கேள்விக்குப் போகவில்லையாம். நாற்காலி எறிந்தது தப்புதான் என்று கேஸியிடமும் சொன்னார்களாம்.

மூன்று மணி பத்து நிமிடம். நாங்கள் நான்கே நிமிடம்.

ஜூன் 24, திங்கள்

கேஸி வந்துவிட்டாள். திருமதி ஆல்ட்கிராஃப்ட் அவளோடு.

மேசி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் நின்ற ஒருத்தி, என் காதில் விழட்டும் என்றே, சொந்தப் பிள்ளைக்கே வேட்டு வைத்த புண்ணியவான் என்றாள். லியான் வேலைக்குத் தாமதம், என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

"அப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஒன்றும் இல்லடா. ஒன்றுமே இல்லை. இருநூறு பிள்ளைக்கு ஓர் ஆளை இங்கேயும் அங்கேயும் இழுத்துக்கொண்டு, எந்தப் பிள்ளை அழுதால் பரவாயில்லை என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்குப் போட்டுவிட்டு அதை யாரிடமும் சொல்வதில்லை. இதை ஐந்து வயதுக்கு எப்படிச் சொல்வது?

ஜூன் 27, வியாழன்

இன்றும் வாந்தி. லியான் இன்று என்னோடு மூன்று வார்த்தை பேசினாள். மூன்றும் மேசியின் சட்டையைப் பற்றி.

ஜூலை 10, புதன்

கூட்டத்தில் சொந்த நலன் உண்டா என்ற கேள்வி வந்தது. உண்டு என்றேன். நான்காம் பொருள் என்னை நிறுத்தி வைப்பது, ஏழாம் பொருள் உதவி ஆசிரியை, அதில் என் மகள். ‘இல்ல’ என்று முனக ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

நான்காம் பொருளுக்கு என்னை வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில், குழந்தைகள் ஒட்டிய காகிதச் சூரியன்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பேர். சரிபாதியாகப் பிரிந்தால் தலைவர் கூடுதலாக ஓர் ஓட்டுப் போடலாம், ஆகவே எனக்கு ஐந்து பேர் வேண்டும். கதவைத் திறந்துகொண்டு வந்தது கிளைவ்.

"அஞ்சுக்கு மூணு. நீ இருக்கலாம்."

நன்றி என்றேன்.

"நன்றியெல்லாம் வேணாம். நான் சொன்னேன், நீ எழுதின. அதுல பொய் இல்ல. பேத்தி வயசுப் பிள்ளையப் போய் அப்படிச் சொல்லியிருக்கேன். ஆனா இன்னொரு தடவ எழுதினேன்னு வையி, மூக்க ஒடச்சிருவேன் தம்பி."

மே மாதக் குறிப்பைத் திருத்தினோம். ஒன்பதாம் பொருள் இப்போது பதினோரு வரி. அதில் நான்கு வரி என் ஒழுங்கீனம். முதலில் கை தூக்கியது நான்.

ஏழாம் பொருளில் கேட்டேன்: இரண்டு பிள்ளைக்கு இரண்டு ஆள் எப்போது? அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார் ஹிலரி. பள்ளி தொடங்குவதற்குள்ளா, ஈஸ்டருக்குள்ளா என்றேன். பார்க்கலாம், கண்ணு. கேட்டேன், பதில் வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மோய்ரா அதற்கு முன்பே எழுதிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 18, புதன்

தலைவர் தேர்தல். வேறு யாராவது என்று மோய்ரா கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. ஹிலரி, பன்னிரண்டாம் ஆண்டு, போட்டியின்றி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்மேல்தான் கோபம்.

மேசி அழாமல் போகிறாள், போன வாரத்திலிருந்து. யாரும் உதவவில்லை, அவளாகவே நிறுத்திக்கொண்டாள். கேஸி பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, நான் யார் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

அக்டோபர் 15, செவ்வாய்

கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் ஒரு நிரந்தர நீக்கம். இந்த முறை நாங்கள் மூன்று பேரைக் கொடுக்க வேண்டும். மோய்ரா என் பெயரையும் அனுப்பியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். தாள்கள் மதியம் வரும் என்றார்.

மதியம் உறை வந்தது. அறுபத்தோரு பக்கம். ஒரு பிள்ளை. பெயர் எழுத மாட்டேன். ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன செய்தது, இங்கேகூட எழுத மாட்டேன்.

இரண்டாம் பக்கத்திலேயே கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்பதையும் எழுத மாட்டேன். உறையை மூடி வைத்துவிட்டு மேசியைக் கூப்பிட நடந்து போனேன், நடந்து வந்தேன், மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பென்சிலால் ஏழு கேள்வி எழுதியிருக்கிறேன். மூன்று பள்ளிக்கு, இரண்டு அந்த வீட்டுக்கு, இரண்டு அந்தப் பிள்ளைக்கு.

லியான் உறையைப் பார்த்தாள். "என்னவாம்? நீ என்ன நினைக்கிற?"

"வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை" என்றேன்.

"அது சரி. நீ என்ன நினைக்கிற?"

"வியாழக்கிழமை பத்து மணி வரைக்கும் ஒண்ணும் நினைக்கல."

யார் வீட்டு ஆளோ என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.